சுடாத பலகாரம்

என் அன்பு அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். எழுதச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விடவும் மாட்டேன். கட்டுரைப் போட்டிக்கு எழுதும்போது நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். "மழை கொட்டித் தீர்த்தது" என்று ஒரு முறை எழுதியதைப் படித்துவிட்டு, "அன்னிக்கு நல்லா வெயில்தானே அடிச்சிச்சு" என்று கேட்டாய். இதில் மழையே வராது.

இன்று தீபாவளிக்கு முதல் நாள். நீ இல்லாமல் வருகிற முதல் தீபாவளி.

முதலில் வீட்டுச் செய்தி. உன் கட்டிலில் இப்போது துணிகள் இருக்கின்றன. யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. ஒருநாள் அப்பா ஒரு துண்டைப் போட்டார். மறுநாள் அதன்மேல் என் பள்ளிச் சீருடை விழுந்தது. பிறகு காய்ந்த துணி எல்லாமே அங்கேதான் போகிறது. சில காலைகளில் கண்ணாடி போடாமல் பார்த்தால், போர்த்திக்கொண்டு நீ தூங்குவது போலவே இருக்கும். அதனால் எழுந்தவுடன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

பள்ளியில் எல்லாரும் என்னிடம் நன்றாகவே நடந்துகொள்கிறார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தோழிகள் தங்கள் அக்காக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வந்து உட்கார்ந்ததும் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அவர்கள் தொடர்ந்து பேசியிருந்தால் நானும் என் அக்காவைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது ஓய்வு நேரத்தில் நூலகப் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நூலகம் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். ஆனாலும் உள்ளே புத்தகங்கள் இருக்கின்றன அல்லவா?

அம்மா சமைக்கிறார். சோறும் ஒரு குழம்பும் ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறார். என்னிடம் கோபமில்லை. கேட்டால் பதில் சொல்கிறார். நாம் கேட்காமல் அவராக எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு நம் வீட்டில் பலகாரம் இல்லை. நிபோங் திபாலிலிருந்து அத்தை முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டார். துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பலகாரம் சுடக்கூடாதாம். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே கூடாதாம். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் போனவர்களுக்குப் படைப்பதை மட்டும் நிறுத்தக்கூடாதாம். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தையும் வைத்துப் படைக்க வேண்டும் என்றார். அப்பா "சரி அக்கா, சரி அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுடாத வீட்டுக்கு வெளியிலிருந்து பலகாரம் வரும் என்பதும் எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. எதிர் ஃபிளாட்டிலிருந்து வந்தது. கீழ் மாடியிலிருந்து வந்தது. மேசை முழுக்க மூடி போட்ட டப்பாக்கள். நான் பழக்கத்தில் ஒரு டப்பாவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் முதலில் திருப்பித்தானே பார்ப்பாய் நீ? "முன்னால எல்லாம் சிரிக்கும் பாப்பா, முதுகப் படி" என்பாய். ஆனால் வீட்டில் செய்த பலகாரத்துக்கு முதுகு கிடையாது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். நெய். அடுத்ததிலும் நெய். அதற்கடுத்ததில் பால் மாவு வாசம்.

மேசை நிறைய இனிப்பு இருந்தது, அக்கா. நீ சாப்பிடக்கூடியது ஒன்றுகூட இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என் அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்பு சுங்கை பாக்காப்பில் சொந்தக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்தாள். பால் கறக்கும்போது கன்றைத் தள்ளிக் கட்டியிருந்தார்களாம். கயிறு எட்டுகிற வரைக்கும் வந்து வந்து அது நின்றதாம். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து பால், தயிர், நெய், தேன் எதையும் தொடவில்லை. "நாங்களும்தான் வெள்ளிக்கிழமை சைவம்" என்று வீட்டில் சொன்னார்கள். சைவத்தில் பால் உண்டு, இது வேறு என்று விளக்கி விளக்கிக் களைத்துப் போனாள். நான் தேடிப் பார்த்து, தமிழில் இதற்கு நனிசைவம் என்று பெயர் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். அவளுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை. அவர் வைத்த பெயர் மாட்டு வக்கீல்.

நீ டெங்கிக் காய்ச்சலில் போன பதினாறாம் நாள், உன் படத்துக்கு முன்னால் பால்கோவா வைத்தார்கள். பால் பாயாசம் வைத்தார்கள். நிறையப் பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, பசியோடு திரும்பிப் போயிருப்பாய் என்று தோன்றியது. அந்த நினைப்பு அதன் பிறகு என்னை விடவே இல்லை.

அதனால்தான் இந்த முறை நானே செய்வது என்று முடிவு செய்தேன். பலகாரம் சுடக்கூடாது என்றுதானே அத்தை சொன்னார்? நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பிளெண்டரில் அரைத்து உருட்டுவாயே, பேரீச்சம்பழ உருண்டை, அதை எங்கே சுட்டாய்? அடுப்புப் பக்கமே போகமாட்டாயே. நான் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டேன். சுடாமல் செய்தால் குற்றமில்லை.

நேற்று அப்பா வேலையிலிருந்து வந்ததும் மோட்டார் சைக்கிளில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குக் கூட்டிப் போனார். நீ எப்போதும் வாங்குகிற பாய் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு, "நீயே போய் வாங்கிட்டு வாம்மா" என்றார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு மனமில்லை.

பாய் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்னா தங்கச்சி, தனியா வந்திருக்க? அக்கா எங்க, அந்த முதுகு பாக்குற புள்ள?"

என் வாயில் ஒரு பெரிய வாக்கியம் வந்து நின்றது. கடையில் கூட்டம். "வரல பாய்" என்றேன். அதுவும் உண்மைதான், இல்லையா?

எந்த வகைப் பழம் என்று அவர் கேட்கவே இல்லை. விரல் வைத்தால் அமுங்குகிற, கருத்த பழத்தை அவராகவே நிறுத்தார். பிறகு இன்னொரு சின்னப் பையில் ஒரு கைப்பிடி போட்டு முடிச்சுப் போட்டார். "இது அக்காவுக்கு. நான் குடுத்தேன்னு சொல்லு. தீவாளிக்கு நான் குடுக்கிறது." நன்றி சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. வரும் வழியில் ஓட்ஸ் வாங்குவதற்கு அப்பாவே ஒரு கடையில் இறங்கினார். அந்தச் சின்னப் பையை வீடு வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். உன்னுடையது என்பதால் தனியாக எடுத்து வைத்தேன்.

இன்று காலை செய்யத் தொடங்கினேன். அத்தை பேருந்தில் வந்து இறங்கியிருந்தார், கையில் ஒரு டின் நெய் உருண்டையோடு. நான் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார். சுடக்கூடாது என்றால் செய்யக்கூடாது என்றுதான் அர்த்தம் என்றார். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லையே என்றேன். அவர் வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, இது வறுத்தது இல்லையா, வறுத்தால் சுட்டது மாதிரிதானே என்று கேட்டார். கடையில் வறுத்தார்கள், அவர்கள் வீட்டில் துக்கமில்லை என்றேன். துடுக்காகச் சொல்ல நினைக்கவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். அத்தை பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"சரிதான். மாட்டு வக்கீலுக்குத் தங்கச்சி நீ."

எனக்கு அது பாராட்டு மாதிரி இருந்தது.

பழத்தைத் தண்ணீரில் ஊற வைத்தேன். அங்கே முதல் தப்பு. நீ கொஞ்ச நேரம்தான் வைப்பாய். நான் ஒரு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து மறந்துவிட்டேன். அரைத்தபோது சேறு மாதிரி வந்தது. உருட்டினால் கையில் ஒட்டி, தட்டில் வைத்தால் அப்பம் போலப் படுத்துக்கொண்டது. வேர்க்கடலைப் பொடியைக் கொட்டினேன். போதவில்லை. அப்பா வாங்கிவந்த ஓட்ஸைப் பிரித்து அதையும் கொட்டி அரைத்தேன். கெட்டியாகிவிட்டது. ஒன்றை உருட்டித் தட்டில் வைத்தேன். நின்றது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உன்னிடம் காட்டத் திரும்பியே விட்டேன்.

அப்புறம்தான் ஓட்ஸ் பொட்டலத்தைத் திருப்பினேன்.

அப்பா தவறாக எதையும் நினைத்து வாங்கவில்லை. அவருக்கு ஓட்ஸ் என்றால் காலையில் சுடுதண்ணீர் ஊற்றிக் குடிக்கிற ஓட்ஸ்தான். முன்னால் ஓட்ஸ் கதிர் படம் இருந்தது. முதுகில், சின்ன எழுத்தில், சர்க்கரைக்கு அடுத்து சூசூ என்று இருந்தது. மலாயில் பால். அரைத்தது எல்லாவற்றிலும் அது கலந்துவிட்டது. பழமும் தீர்ந்துவிட்டது.

நான் சத்தமாக அழவில்லை. ஆனால் அப்பா வந்து பார்த்துவிட்டார். பொட்டலத்தை வாங்கிப் படித்தார். அவர் முகம் எப்படி ஆகிவிட்டது என்று நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு எழுதத் தெரியவில்லை. "இத நான் சாப்டுர்றேன்மா" என்றார். சொன்னபடியே அந்த உருண்டையை எடுத்து வாயில் போட்டு, நின்றபடியே மென்றார்.

அத்தைக்கு எங்கள் இரண்டு பேரையும் பார்க்கப் பொறுக்கவில்லை. "அட, ஒரு கரண்டி பால் மாவுலா. இதுக்குப் போயி இப்புடி நிப்பாங்களா? போன புள்ள வந்து பொட்டலத்தத் திருப்பியா பாக்கப் போறா?"

"பாப்பா."

அம்மாவின் குரல். அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிளெண்டர் சத்தம் கேட்டு எப்போதோ எழுந்து வந்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "என்னாம்மா?" என்றேன்.

"உன்ன இல்ல" என்றார் அம்மா. அத்தையைப் பார்த்துச் சொன்னார். "அவ பாப்பா. திருப்பித்தான் பாப்பா."

என் பெயரை அம்மா எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்! அதற்குள் ‘பார்ப்பாள்’ என்று ஒரு பொருள் இருப்பது எனக்கு அதுவரைக்கும் தோன்றியதே இல்லை.

அம்மா உள்ளே வந்து சாமான் அலமாரியைத் திறந்தார். அவல் பொட்டலத்தை எடுத்தார். எடுத்ததும் பிரிக்கவில்லை, அக்கா. திருப்பினார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூரமாக வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். அவல் பொட்டலத்தின் முதுகில் என்ன இருக்கும்? அவல்தான் இருந்தது. அதையும் என்னிடம் நீட்டி, "நீயும் ஒருக்கா பாத்துரு" என்றார்.

ஆனால் பழம்? அப்போதுதான் எனக்குப் பாய் கொடுத்த சின்னப் பை நினைவுக்கு வந்தது. உன்னுடைய பழம் உன் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. யார் கொடுத்தது என்று அம்மா கேட்டார். சொன்னேன். கடையில் நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அம்மா பையின் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

இந்த முறை பழத்தை ஊற வைக்கவில்லை. அம்மா தேங்காயை உடைத்துத் துருவினார். அவலை நான் பொடித்தேன். மிச்சமிருந்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டினோம். எல்லாவற்றையும் அகலப் பாத்திரத்தில் போட்டு அம்மா கையாலேயே பிசைந்தார். பிறகு உருண்டை பிடிக்கும் நேரத்தில் அவருடைய இடது கை தானாக நெய் போத்தல் பக்கம் போயிற்று. உள்ளங்கையில் நெய் தொட்டுத்தானே அம்மா எந்த உருண்டையும் பிடிப்பார்? நான் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கை பாதியில் நின்றுவிட்டது. அம்மா கொஞ்சம் தேங்காய்த் துருவலை எடுத்து இரண்டு கைகளுக்கும் நடுவில் அழுத்தித் தேய்த்தார். உள்ளங்கை பளபளத்தது. பிடிக்கத் தொடங்கினார்.

பிடித்துக்கொண்டே பேசினார். யாரும் கேட்காமல், அவராகவே.

"ரெண்டு வருஷமா நான் குடுத்த எதையும் அவ ஆசையா வாங்கி சாப்டல பாப்பா. பாயாசத்தத் தள்ளி வைப்பா. எனக்கு என்னையே தள்ளி வச்ச மாரி இருக்கும். என்னாதான் திங்கிறான்னு ஒரு நாளு பக்கத்துல நின்னு பாத்திருக்கலாம். இவ்ளோதானா இது? இந்த அவல் தேங்கா, எங்கம்மா எனக்கு பிசைஞ்சு குடுத்ததுலா."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அம்மாவிடம் கோபமாக இருந்தாயா, இல்லை அம்மா கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாயா? நீங்கள் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஞாயிற்றுக்கிழமைகளை நான் பார்த்திருக்கிறேன். பிளெண்டர் ஓடுகிற சத்தத்தில் ஒருவர் முணுமுணுப்பது இன்னொருவருக்குக் கேட்காது.

உருண்டைகள் கொஞ்சம்தான் வந்தன. ஒரு கைப்பிடிப் பழத்துக்கு எவ்வளவு வரும்? உனக்குப் பிடித்ததை அம்மா பிடித்தார். அது போதும்.

இதுவரைக்கும் உள்ளதை மத்தியானம் குளித்துவிட்டு வந்து எழுதினேன். இனி வருவது சாயங்காலம் நடந்தது.

அப்பா கூடத்தில் பாய் விரித்து, தாத்தா படத்தையும் உன் படத்தையும் வைத்தார். தாத்தாவுக்கு ஓர் இலை போட்டுவிட்டு, உனக்குத் தனியாக இன்னோர் இலை போட்டார். "ஒரே வீட்டுக்கு ரெண்டு இலையா?" என்று அத்தை கேட்டார். அப்பா இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாத்தா இலையில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்ததெல்லாம் வைத்தோம். உன் இலையில் சோறு, சாம்பார், தேங்காய்ப்பாலில் செய்த கூட்டு, அம்மா பிடித்த உருண்டைகள். நெய் உருண்டை டின் இரண்டு இலைக்கும் நடுவில் இருந்தது. சாம்பிராணி போடும்போது அத்தை குனிந்து, அந்த டின்னை உன் இலையிலிருந்து தள்ளி, தாத்தா பக்கம் நகர்த்தி வைத்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "என்னா? தாத்தாவுக்கு இனிப்புன்னா உயிரு" என்றார்.

கும்பிட்டு முடித்ததும் வழக்கப்படி எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று படைத்த இடத்தில் யாரும் நிற்கக் கூடாதே. இப்போது நாங்கள் நான்கு பேரும் நம் ஃபிளாட்டின் நடைவழியில், சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். இந்த வருஷம் நம் வாசலில் மட்டும் கலர் பல்பு இல்லை. எதிர்வீட்டுப் பல்புகள் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி இந்தத் தாளில் விழுகின்றன. அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். கீழே யாரோ மத்தாப்புக் கொளுத்துகிறார்கள். அம்மா கதவில் சாய்ந்து நிற்கிறார். உள்ளே ஏதாவது சத்தம் கேட்குமா என்று கேட்பது போலத் தலையைச் சாய்த்திருக்கிறார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டதாக எழுதினால் அது பொய்.

நீ வரும்போது நாங்கள் இருக்கக் கூடாது என்பது எனக்குச் சரியான வழக்கமாகத் தோன்றவில்லை, அக்கா. உனக்காக இத்தனை செய்துவிட்டு, நீ வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உன்னைத் தனியாக விட்டுவிட்டு நிற்கிறோம். நானும் இங்கே நீ இல்லாமல் தனியாகத்தான் நிற்கிறேன். நடுவில் ஒரு கதவுதான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மிஞ்சுகிற உருண்டையில் ஒன்றைப் பொதிந்து பாய் கடைக்கு எடுத்துப் போவேன். கூட்டம் இருந்தாலும் காத்திருந்து, கடையில் எனக்குச் சொல்ல வராத அந்த வாக்கியத்தை அவரிடம் சொல்வேன். அவர் கொடுத்தது உன்னிடம் வந்து சேர்ந்தது என்றும் சொல்வேன். உன் கட்டில் துணிகளை நாளைக்கே மடித்து வைப்பேன். அடுத்த வருஷம் நம் வீட்டில் சுடலாம் என்று எல்லாரும் சொல்லும்போதும், உனக்கு மட்டும் சுடாததையே செய்வேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்துத்தான் பிரிப்பேன்.

இலையைப் பார். எல்லாவற்றையும் நீயே சரிபார்த்துக்கொள்ளலாம். குத்துவிளக்கு மட்டும் எரிகிறது. வெளியே வரும்போது அம்மாதான் கடைசியாக வந்தார். நீ கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமென்று கூடத்து விளக்குகளை அவரே அணைத்துவிட்டார்.

என்றும் உனக்கு ஒரே தங்கை,
பாப்பா